ஒட்டு வேலை

உட்துறைமுக வீதியில்
கதவில்லாத பட்டறை எனக்கு.
முதலில் வந்தது கடற்படை ஜீப்.
படகின் முகப்பில் துவக்குப் பூட்டுகிற தாங்கி,
குறுக்கே வெடிப்பு.
"ஒரு மணித்தியால வேலை, மல்லி."
"கம்பி முடிஞ்சுது, சேர்."
கம்பிக் கட்டு
என் காலுக்குப் பின்னால்தான் கிடந்தது.

ஒன்பது நாள் கழித்து,
ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால்
பொடியள் இரண்டு பேர்
சாக்கில் சுற்றி ஓர் இரும்புக் கூம்பு கொண்டுவந்தார்கள்.
எதற்கென்று சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.
ஒருவனுக்கு மீசை
வருவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
"கம்பி முடிஞ்சுது, தம்பி."
அதே பொய். அதே குரல்.
அதற்குப் பிறகு மூன்று இரவு
நாய் குரைக்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

இதைக் கொள்கை என்று சொல்ல வெட்கம்.
வயிற்றுக்குள் ஏதோ மறுத்தது;
காரணத்தைப் பிறகுதான் தேடிப் போனேன்.

ஓங்கிய கையை இறக்கச் சொன்ன ஆண்டவரைப் பற்றி
பாதர் எமிலியான் அழகாகத்தான் தொடங்கினார்.
தேநீர் ஆறியதும் "ஆனால்" என்றார்.
கிண்ணியா சம்சுன் நானா,
ஓர் உயிரின் கனம் உலகத்தின் கனமென்று
இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.
இறக்கி வைக்கும்போது, "ஆனால்".

கோட்டை வாசலில் அடையாள அட்டை நீட்டி
கோணமலைக்கு ஏறினேன்.
மான்கள் கேட்பாரில்லாமல் போய்வந்தன.
முப்புரம் எரித்தவனும் இவன்,
நஞ்சை விழுங்காமல் துப்பாமல்
தொண்டையில் நிறுத்தியவனும் இவன்.
ஐயர் எந்தக் கதையை எடுப்பார் என்பது
அந்தக் கிழமை யார் செத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

துறைமுகச் சங்கத்துத் தோழர் சிற்சபேசனுக்கு
ஆண்டவன் இல்லை.
"ஆனால்" மட்டும் இருந்தது,
எல்லாரையும் விட நீளமாக.

வெல்டிங் தெரிந்தவனுக்கு விளங்கும்:
கொல்லாதே ஒரு தகடு,
கொல் இன்னொரு தகடு,
நடுவில் உருகி ஓடுகிறது அந்தச் சொல்.
சுத்தியலால் தட்டினாலும் விடாது.
நல்ல ஒட்டு.

உயர்தரத்துக்குப் பாடமாக்கினேன்:
மாடு கவர வெட்சி, மீட்கக் கரந்தை,
மதில் காக்க நொச்சி, வென்றால் வாகை.
கம்பி இல்லையென்று சொல்லி
முகத்தைத் திருப்பிக்கொண்டவனுக்கு என்ன பூ?
வினாத்தாளில் அது வரவில்லை.

தாங்கியை மட்டிக்களியில் லோகிதன் ஒட்டிக்கொடுத்தான்.
அவனுக்கு ஐந்து பிள்ளைகள்,
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
ஆவணி இருட்டில்
கொட்டியாரக் குடாவில் வலை இழுத்துக்கொண்டிருந்த
ராயப்புவின் மகன் டெஸ்மனில்
அந்தத் துவக்கு பட்டது.
துவக்கு ஆடவில்லையாம். தாங்கி அசையவில்லையாம்.

கூம்பை யார் ஒட்டினார்களோ தெரியாது.
அதுவும் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.
அந்தப் பக்கத்திலும் ஒரு தாய் இருப்பாள்,
சிங்களத்தில் ஒப்பாரி வைத்திருப்பாள்.
என் கை சுத்தம்.
சுத்தமான கையை என்ன செய்வதென்று தெரியாமல்
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான்
செத்தவீட்டுக்குப் போனேன்.

ராயப்பு நிமிர்ந்து பார்த்தார்.
"நீ ஒட்டேல்லையாம். கேள்விப்பட்டன்."
நன்றியா, வழக்கா,
குரலில் பிரித்தெடுக்க முடியவில்லை.
"ஓம். ஆனால்..." என்று தொடங்கினேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சிலுவைக்கென்று இரண்டு இரும்புத் துண்டு
முற்றத்தில் போட்டிருந்தார்,
வள்ளத்தில் கழன்ற பழைய இரும்பு,
உப்புத் தின்றது.
பட்டறைக்குத் தூக்கிவந்தேன். அவரும் கூட வந்தார்.
கண்ணாடியைப் போட்டுக் குனிந்தேன்.
காலுக்குப் பின்னால் கை நீண்டது.

கம்பி இருந்தது.
அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.